ஒரு துரை, இரண்டு அருவிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போதெல்லாம் அப்பா அம்மாவைக் காசி, ராமேஸ்வரத்தோடு விடுவதில்லை. அப்படி ஒரு குடும்பம் உகாண்டா நாட்டில் இருக்கும் மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்காவுக்கு சஃபாரி போகத் திட்டம் போடுகிறது. "சார், யானை, சிங்கம் எல்லாம் யூடியூப்ல பாத்துட்டோம். அந்த இடத்தோட வரலாறு என்னன்னு நீங்க எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் அந்த அருவியின் கதை ஆப்பிரிக்காவில் தொடங்கவில்லை. நமக்குப் பக்கத்தில், இலங்கை மலைநாட்டில் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவப் போவதோ, நம் பக்கத்து வேடந்தாங்கல்.

முதலில் 'சஃபாரி' என்ற சொல். இது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பொருள் பயணம், அவ்வளவுதான். அரபியில் 'சஃபர்' என்றால் பயணம், அதிலிருந்து போனது. பழைய இந்திப் பாட்டு கேட்டவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியும் சுமைகூலிகளுமாகக் காட்டுக்குள் போகத் தொடங்கிய பிறகுதான் அதற்கு வேட்டைப் பயணம் என்ற பொருள் ஏறியது. பின்னாளில் துப்பாக்கியின் இடத்தில் கேமரா வந்தது. 1980களில் நம் அலுவலர்களும் மாப்பிள்ளைகளும் தைத்துப் போட்டுக்கொண்ட சஃபாரி சூட், அந்த வேட்டைக்காரர் உடையின் பேரப்பிள்ளை.

இனி அருவி. விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் நைல் நதி ஆல்பர்ட் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பாறைப் பிளவுக்குள் நுழைகிறது. பிளவின் அகலம் சுமார் 7 மீட்டர். ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் அடைபட்டுவிடும். அவ்வளவு பெரிய நதி அந்தச் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து சுமார் 43 மீட்டர் கீழே விழுகிறது. உயரத்தில் இதை மிஞ்சிய அருவிகள் நிறைய உண்டு. இங்கே ஆளைத் திகைக்க வைப்பது தண்ணீரின் விசை.

இந்த அருவிக்கு 1864-ல் 'மர்ச்சிசன்' என்று பெயர் வைத்தவர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். லண்டனில் இருந்த ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் தலைவர் ராடரிக் மர்ச்சிசனைக் கௌரவிக்க வைத்த பெயர். மர்ச்சிசன் இந்த அருவியைக் கண்ணால் கண்டவரில்லை.

யார் இந்த பேக்கர்? இலங்கையில் நுவரெலியா போனவர்கள் அங்கிருந்து ஹோர்டன் சமவெளிக்கும் போயிருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே பனியும் புல்வெளியுமாக இருக்கும் தேசியப் பூங்கா. அதற்குள் சுமார் 20 மீட்டர் உயரத்தில் ஓர் அருவி. அதன் பெயர் பேக்கர் அருவி. அதே பேக்கர்தான்!

1840களின் பிற்பகுதியில் பேக்கர் தன் சகோதரர்களோடும் இங்கிலாந்திலிருந்து கூட்டி வந்த குடியானவர்களோடும் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலேயக் கிராமத்தையே உருவாக்கப் பார்த்தார். மாடு வந்தது, கலப்பை வந்தது, கொல்லர் வந்தார், பீர் காய்ச்சும் சாலையும் வந்தது. ஆனால் பேக்கரின் மனம் வேட்டையில்தான் இருந்தது. யானைகளைச் சுட்டார். நாய்களை ஏவி மலைக்காட்டு மிளாவைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றார். அதையெல்லாம் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதினார். அந்தக் காலத்து இலங்கையில் இது தனி ஒருவரின் வெறி இல்லை. மேஜர் ராஜர்ஸ் என்ற அதிகாரி மட்டும் 1,400 யானைகள் வரை சுட்டதாகச் சொல்வார்கள். அவர் 1845-ல் ஊவா மலையில் இடி விழுந்து இறந்தார். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலமும் உண்டு. காப்பித் தோட்டம் போடுவதற்கு யானை இடைஞ்சல் என்பது அன்றைய கணக்கு. இன்று ஹோர்டன் சமவெளிக்குப் போனால் மிளாவைப் பார்க்கலாம். யானை கிடையாது.

அந்தக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் 1867 முதல் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் போனது எங்கிருந்து? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் என்று நம் மாவட்டங்களிலிருந்துதான். மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஒரு பயணி இன்று நுவரெலியா வரைபடத்தை விரித்தால் அங்கே ஹோர்டன் என்ற கவர்னரின் பெயர் இருக்கிறது. பேக்கர் என்ற வேட்டைக்காரரின் பெயர் இருக்கிறது. காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த மலைக்கும் எந்த அருவிக்கும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள்.

பேக்கர் 1855-ல் இலங்கையை விட்டுப் போனார். சில ஆண்டுகள் கழித்து நைல் நதியின் தலையூற்றைத் தேடிப் புறப்பட்டார். உடன் வந்தவர் ஃபுளோரன்ஸ். ஐரோப்பாவில் ஓர் அடிமைச் சந்தையிலிருந்து பேக்கர் மீட்டு வந்த பெண். பின்னாளில் அவர் மனைவியானார். இருவரும் 1864 மார்ச்சில் ஒரு பெரிய ஏரியை அடைந்தார்கள். விக்டோரியா மகாராணியின் மறைந்த கணவர் பெயரால் அதற்கு ஆல்பர்ட் என்று பெயரிட்டார் பேக்கர். அங்கிருந்து படகில் ஆற்றை எதிர்த்துப் போனபோது அருவியைக் கண்டார்கள். பேக்கர் 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஏரிக்கு வழி காட்டியவர்களும் படகு வலித்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். அந்த நாட்டுக்கு அப்போதே ஓர் அரசு இருந்தது. பெயர் புன்யோரோ. அரசர் கம்ராசி.

எட்டு ஆண்டுகள் கழித்து பேக்கர் மறுபடி வந்தார். இந்த முறை பயணியாக வரவில்லை. எகிப்து அரசின் கவர்னராகப் படையோடு வந்தார். 1872-ல் மசிந்தியில் கொடியேற்றி, புன்யோரோ இனி எகிப்தைச் சேர்ந்தது என்று அறிவித்தார். கம்ராசியின் மகன் கபலேகா அப்போது அரசர். இளைஞர். அவருடைய படை பேக்கரை அங்கே தங்க விடவில்லை. தான் கட்டிய முகாமுக்குத் தானே தீ வைத்துவிட்டு பேக்கர் பின்வாங்கினார். பிறகு 1890களில் பிரிட்டிஷார் நேரடியாக வந்தபோதும் கபலேகா ஆண்டுக்கணக்கில் போராடினார். 1899-ல் பிடிபட்டார். நம் பக்கம் கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799-க்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. கபலேகாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1923-ல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. வழியிலேயே, சொந்த மண்ணை மிதிக்காமலே, ஜிஞ்சா அருகே இறந்துபோனார்.

இப்போது பூங்காவின் கதைக்கு வருவோம். இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

போரால் அந்த நாடு நலிந்தது. 1890களில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் மாடுகளை ஒரு கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. ஆளும் மாடும் குறைந்த நிலத்தில் புதர் மண்டியது. புதரில் 'செட்சி' என்ற ஈ பெருகும். அது கடித்தால் தூக்க நோய் வரும். காய்ச்சலில் தொடங்கி மூளையைத் தாக்கி, தூங்கித் தூங்கியே ஆள் இறந்துபோகும் நோய். 1900-க்குப் பிறகு விக்டோரியா ஏரியைச் சுற்றி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயில் மடிந்தார்கள். அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை. ஈ இருக்கும் இடத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்துவது ஒன்றுதான் வழி என்று அரசு முடிவு செய்தது. 1907-க்கும் 1912-க்கும் இடையில் இந்த அருவிப் பகுதியில் மட்டும் சுமார் 13,000 சதுர கிலோமீட்டரிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதையும் காலி செய்து, அதற்கு மேலும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரைச் சேர்த்துக்கொண்டது போல.

நோய் உண்மை. சாவும் உண்மை. அதனால் வெளியேற்றத்தை வெறும் கொடுமை என்று ஒற்றைச் சொல்லில் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1910-லேயே நதியின் தென்கரை வேட்டை விலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1928-ல் எல்லை வடகரைக்கும் நீண்டது. ஊர் இருந்த இடத்தில் புல் வளர்ந்தது, புல்லைத் தேடி விலங்கு வந்தது. 1952-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தபோது, அது மனிதர் காலே படாத ஆதிக் காடு என்பதுபோல் உலகத்துக்குக் காட்டப்பட்டது. தாத்தாவின் ஊர் இருந்த இடத்தில் விறகு பொறுக்கப் போன பேரன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான்.

அதன் பிறகு பூங்காவுக்கு உலகப் புகழ் வந்தது. 1954-ல் எழுத்தாளர் ஹெமிங்வே போன சிறு விமானம் இந்த அருவிக்கு அருகே விழுந்து அவர் உயிர் தப்பினார். 1962-ல் உகாண்டா விடுதலை பெற்ற அதே ஆண்டில் பெருமழை. நைல் தன் பழைய சந்து போதாமல் பக்கத்திலேயே இன்னொரு வழியை உடைத்துக்கொண்டு விழுந்தது. அதற்கு மக்கள் 'உஹுரு அருவி' என்று பெயர் வைத்தார்கள். உஹுரு என்றால் சுவாஹிலியில் விடுதலை. இந்த ஒரு பெயரைத்தான் எந்தத் துரையையும் கேட்காமல் வைத்தார்கள்.

1970களில் இடி அமீன் ஆட்சி. பூங்காவின் பெயர் 'கபலேகா' என்று மாறியது. நல்ல பெயர்தான். ஆனால் 1972-ல் 90 நாள் கெடு வைத்து இந்திய வம்சாவளியினரைப் பல்லாயிரக் கணக்கில் துரத்தியதும் அதே ஆட்சிதான். பூங்காவில் யானைகளைத் தந்தத்துக்காக எந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளிய கொடுமையும் அந்த ஆட்சியில்தான் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் உகாண்டா முழுவதிலும் ஒரு காண்டாமிருகம்கூட மிஞ்சவில்லை. அமீன் போன பிறகு மர்ச்சிசன் என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. பெயரை மாற்றினால் வரலாறு சரியாகிவிடாது என்பதற்கு இது ஒரு பாடம். யானைகள் இப்போது மெல்ல மெல்லப் பெருகி வருகின்றன. அது மகிழ்ச்சி. அதே பூங்காவுக்குள் இப்போது எண்ணெய்க் கிணறுகளும் தோண்டுகிறார்கள். காட்டில் விறகு பொறுக்கக் கூடாது, எண்ணெய் எடுக்கலாம் என்றால் பக்கத்து ஊர்க்காரன் என்ன நினைப்பான்?

இங்கே நம் வேடந்தாங்கலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 ஹெக்டேர் அளவே உள்ள ஏரி. நீர்க்கடம்பு மரங்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட குடியானவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று கவுல் வாங்கினார்கள் என்பது ஊர் வழக்கு. 1798-ல் அந்த உரிமையைக் கொடுத்தவர் என்று சொல்லப்படுபவர் லயனல் பிளேஸ் துரை. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ். 1858-ல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் சரணாலயம் என்ற அங்கீகாரம். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சட்டப் பாதுகாப்பு. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம். பக்கத்துக் கரிக்கிலிக்கும் அதே ஆண்டில்.

ஆண்டுகளைப் பரீட்சைக்காகச் சொல்லவில்லை. வரிசையைப் பாருங்கள். மர்ச்சிசனில் மக்கள் வெளியேறினார்கள், பிறகு பூங்கா வந்தது. வேடந்தாங்கலில் மக்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டார்கள், பிறகு காப்பு வந்தது. அங்கே பேக்கர் தன் விருப்பப்படி பெயர் வைத்தார். இங்கே பிளேஸ், ஊர் கேட்டதற்குக் கையெழுத்துப் போட்டார். இன்றும் அந்த 5 கிலோமீட்டருக்குள் ஊர்கள் இருக்கின்றன, நெல் விளைகிறது. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டை எந்த வனக்காவலரும் லத்தியை வைத்துக் கொண்டுவரவில்லை. 2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்புக் குரல் உடனே கிளம்பியது. பக்கத்தில் மக்கள் இருப்பதன் பலன் அதுதான். ஆள் இல்லாத காட்டுக்காகக் கேட்க ஆள் இருக்காது.

எல்லாப் பூங்காவையும் வேடந்தாங்கல் போல் ஆக்கிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். நத்தைக்குத்தி நாரையோடு வாழ்வதும் யானையோடு வாழ்வதும் ஒன்றல்ல. கொக்கு வயலை மிதிக்காது. யானை ஒரே இரவில் ஓர் ஆண்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். ஆனால் காட்டைக் காப்பாற்ற மனிதரைக் காலி செய்வது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால், அச்சரப்பாக்கத்துக்காரர்களாகிய நாம் தலையாட்டத் தேவையில்லை. மாற்றுச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, பயணம் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். நம் ஊர் அச்சு முறிந்த ஊர். பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பினால் சிவபெருமானின் தேருக்கே என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். எனவே முன்னேற்பாடு முக்கியம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கேயும் தனிமைப்படுத்துவார்கள். 60 வயதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், ஊசிக்கு முன் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கென்யா, ருவாண்டாவையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் மூன்று நாட்டுக்கும் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. மழை குறைந்த மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை. விமானம் என்டெபேயில் இறங்கும். தலைநகர் கம்பாலாவிலிருந்து பூங்காவுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். பாதி வழியில் ஜிவா என்ற இடத்தில் காண்டாமிருகங்களை மீண்டும் வளர்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போங்கள். பரா என்ற இடத்திலிருந்து படகில் அருவியின் அடிவாரத்துக்குப் போகலாம். நீர்யானை, முதலை எல்லாம் அந்தக் கரைகளில்தான். வடகரைப் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம்.

படகில் போகும்போது சிங்கத்தை மட்டும் தேடாதீர்கள். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, உண்ணிக்கொக்கு, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் அங்கேயும் உண்டு. வேடந்தாங்கலில் பார்த்த அதே வகைப் பறவைகள்! பெற்றோருக்கு நீங்களே வழிகாட்டியாக இருந்து காட்டலாம்.

அந்த அளவு செலவு முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொழும்பு போய், நுவரெலியா ஏறி, விடியற்காலையில் ஹோர்டன் சமவெளிக்குள் நடங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீட்டர். 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தையும் பேக்கர் அருவியையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வெயில் ஏறினால் பனிமூட்டம் மறைத்துவிடும். திரும்பும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நின்று, எந்த ஊர், தாத்தா எந்த மாவட்டம் என்று விசாரித்துப் பாருங்கள். தமிழிலேயே பதில் வரும்.

உகாண்டா போகிறவர்களும் அதையே செய்யுங்கள். வண்டி ஓட்டுபவரிடமும் படகோட்டியிடமும், உங்கள் தாத்தா ஊர் எது, இந்தப் பூங்காவுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள், இந்த அருவியை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். சிங்கத்தின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் பதில்களை நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

பயணம் நல்லபடியாக அமையட்டும்.